எட்டாவது தோட்டா

டாலஸ் திண்ணை – 23

சிங்கர் தையல் மிஷின் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? பாட்டி ரவிக்கை தைத்ததும், அம்மா தலையணை உறை தைத்ததும் அதில்தான். அதே சிங்கர் கம்பெனி ஒரு காலத்தில் கைத்துப்பாக்கியும் செய்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக 500 பிஸ்டல்கள் செய்து கொடுத்து, அத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த 500-ல் ஒன்று கிடைத்தாலும் சேகரிப்பாளர்கள் சொத்தை விற்று வாங்குவார்கள். 2017-ல் ஒன்று ஏலத்தில் 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. ரெமிங்டன் டைப்ரைட்டர் ஞாபகமிருக்கிறதா? அந்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனி செய்த பிஸ்டல்கள் 8 லட்சத்துக்கும் மேல்!

எல்லாம் ஒரே மாடல். பெயர் 1911. தோட்டாவின் அளவை வைத்து, இங்கே சுருக்கமாக ‘ஃபார்ட்டி ஃபைவ்’ என்பார்கள்.

இந்த வாரம் இந்தக் கதை எதற்கு என்றால், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“என் மகன் டாலஸ் பக்கம்தான் இருக்கான். கிரீன் கார்டு வந்த கையோடு பிஸ்டல் வாங்கியிருக்கானாம். ‘ஃபார்ட்டி ஃபைவ்மா’ன்னு பெருமையா சொல்றான். சனிக்கிழமையானா சுடப் போறான். பேரனுக்கு நாலு வயசு. அடுத்த மாசம் ஆறு மாசத்துக்கு நான் அங்கே வர்றேன். கேட்டா வீட்ல சண்டை வரும். கேட்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. என்ன கேட்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

அம்மா, துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்ற வழக்குக்குள் நான் போகப் போவதில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791-லேயே இந்த நாட்டு அரசியல் சாசனத்தில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து இவர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் மகன் வாங்கியதும் சட்டப்படி சரிதான். நீங்கள் கேட்டது ‘என்ன கேட்க வேண்டும்’ என்பதைத்தான். அதற்கு முதலில் அந்தப் பொருள் என்னவென்று தெரிய வேண்டும். தெரியாமல் கேட்டால், “உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இரு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவான்.

அது என்ன 45?

துப்பாக்கிக் குழலின் உள் அகலம்தான் காலிபர். .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 45 பங்கு. ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். தோட்டாவின் தலை நம் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இருக்கும். போலீஸ்காரர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 9 மி.மீ. பக்கத்தில் வைத்தால் இது அண்ணன் மாதிரி தெரியும்.

இவ்வளவு பெரிய தோட்டா எதற்கு வந்தது? நூற்றிருபது வருடங்களுக்கு முன் பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களோடு அமெரிக்க ராணுவம் போரிட்டது. கையில் இருந்த .38 ரிவால்வரால் சுட்டும் எதிரி நிற்காமல் ஓடி வருகிறான் என்று புகார்கள் போயின. 1904-ல் தாம்ப்சன் என்ற ராணுவ அதிகாரியும் லகார்ட் என்ற ராணுவ டாக்டரும் சோதனை நடத்தினார்கள். சிகாகோவின் இறைச்சிக்கூடத்து மாடுகளையும், இறந்த மனித உடல்களையும் சுட்டுப் பார்த்த கொடூரமான சோதனை அது. ‘.45-க்குக் குறைந்து எதுவும் வேண்டாம்’ என்பதுதான் அவர்கள் எழுதிக் கொடுத்த முடிவு. யூட்டா மாநிலத்தில் துப்பாக்கி செய்பவரின் மகனாகப் பிறந்த ஜான் பிரவுனிங் அந்த அளவுக்கு ஒரு பிஸ்டலை வடிவமைத்தார். 1911 மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985-ல் 9 மி.மீ. பிஸ்டல் வரும்வரை 74 வருடம் அதுதான் ராணுவத்தின் இடுப்பில் இருந்தது.

இதைவிடப் பெரியதும் உண்டு. சினிமாவில் வில்லன் தூக்கிக்கொண்டு வருகிற, செங்கல் மாதிரி கனத்த ‘டெசர்ட் ஈகிள்’ அந்த ரகம். அதில் .50 வரைக்கும் இருக்கிறது. எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ. திரையில் ஒரு கையால் டப் டப் என்று சுடுவார்கள். நிஜத்தில் இரண்டு கையாலும் பிடித்தாலும் முதல் தடவை குழல் மோட்டைப் பார்க்கப் போய்விடும்.

சுட்டால் எப்படி இருக்கும்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு 1911 இருக்கிறது. “எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டுப் பார்” என்று போன மாதம் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். ரேஞ்ச் என்றால் சுடுவதற்கென்றே இருக்கும் இடம். பௌலிங் விளையாடுமிடம் மாதிரி வரிசையாகத் தடுப்புகள். எதிரே தொங்கும் காகித இலக்கு.

காதுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு. உள்ளே ஸ்பாஞ்ச் அடைப்பான், மேலே ஹெட்போன் மாதிரி மூடி. கைத்துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். காப்பு இல்லாமல் ஒரே ஒரு வெடி போதும், காது நிரந்தரமாகக் கெட. கண்ணுக்குக் கண்ணாடி. கழுத்தை மூடிய சட்டை. அது ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒவ்வொரு முறை சுடும்போதும் காலிப் பித்தளைக் கூடு கொதிக்கக் கொதிக்க வலது பக்கம் தெறிக்கும். கழுத்துப் பட்டி வழியாக உள்ளே விழுந்தால் கையில் துப்பாக்கியோடு ஆடத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஆட்டத்தில்தான் ஆபத்து.

முதலில் அவர் சொன்னது நான்கு விதிகள். துப்பாக்கியில் எப்போதும் தோட்டா இருக்கிறது என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. இந்த நான்கில் ஒன்றை மறந்தால்கூட மற்ற மூன்று காப்பாற்றும்படிதான் விதிகளே அமைந்திருக்கின்றன.

1911 தோட்டா போடாமலே ஒரு கிலோவுக்கு மேல். விசையை இழுத்தேன். .45 சுண்டி அடிக்காது. யாரோ உள்ளங்கையைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மணிக்கட்டைத் தளர விட்டால் பிஸ்டல் சரியாக இயங்காமல் அடுத்த தோட்டா பாதியில் சிக்கிக்கொள்ளும். நாலைந்து சுட்டதும் இன்னொரு வித்தை காட்டினார். எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைச் சேர்த்துவிட்டார். அது வெடிக்கவில்லை. ஆனால் என் கை, வெடிக்கப் போகிறது என்ற பயத்தில் தானாகவே கீழே குனிந்தது. “பார்த்தாயா, குறி தவறுவது இதனால்தான். எல்லாருக்கும் நடக்கும், பழகப் பழகத்தான் போகும்” என்றார்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். தோட்டாவில் ஈயம் இருக்கிறது. அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. சுடப் போட்டுக்கொண்ட சட்டையையும் தனியாகத் துவைக்க வேண்டும். உங்கள் மருமகளுக்கு இது ஒரு தகவல்.

ஐம்பது தோட்டா உள்ள ஒரு பெட்டி சுமார் 25, 30 டாலர். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பலருக்கு இது நிஜமாகவே ஒரு விளையாட்டு. கவனத்தைக் குவிக்கிற, மனதுக்குப் பிடித்த விளையாட்டு. உங்கள் மகனின் சனிக்கிழமையை அப்படியும் பார்க்கலாம்.

யார் வாங்கலாம்?

லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைக்காரர் உங்கள் விவரத்தை அனுப்பி, குற்றப் பின்னணி இருக்கிறதா என்று சரிபார்ப்பார். 1998-லிருந்து இது நடைமுறை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும்; நியூயார்க்கில் முதலில் லைசென்ஸ் வேண்டும். டெக்சாஸில் இரண்டும் இல்லை. தனி ஆள் தனி ஆளிடம் விற்றால் மத்திய சட்டப்படி இந்தச் சரிபார்ப்புகூடக் கட்டாயமில்லை. சில மாநிலங்கள் மட்டும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

நம் ஆட்கள் விஷயத்தில் ஒன்று: வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, பொதுவாக வாங்க முடியாது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ‘கார்டு வந்த கையோடு’ என்று நீங்கள் எழுதியதற்கு அதுதான் காரணம்.

நம் ஊரில் 9 மி.மீ. பிஸ்டலே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் இருப்பது .32. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, காய்கறிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி .45 தொங்குவது திகைப்பாகத்தான் இருக்கும்.

ஏழு போட்டால் எட்டு

இனி முக்கியமான விஷயம். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1911-ன் கைப்பிடிக்குள் மேகசின் என்ற ஒரு தகரப்பெட்டி நுழையும். அதில் ஏழு தோட்டாக்கள். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால், மேகசினிலிருந்து ஒரு தோட்டா மேலேறிக் குழலின் பின்பக்க அறைக்குள் போய் உட்காரும். விசையை இழுத்தால் அது வெடிக்கும். வெடித்த வேகத்தில் ஸ்லைடு தானாகப் பின்னால் போய், காலிக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றும். செமி ஆட்டோமேட்டிக் என்பது இதுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வெடி. நடுவில் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முதல் தோட்டா அறைக்குள் ஏறியதும், மேகசினை எடுத்து இன்னொன்றைச் சேர்த்து ஏழாக்கிப் போடுவார்கள். ஆக எட்டு.

இப்போது ஒருவர் மேகசினை உருவிவிட்டு “காலி பண்ணிட்டேன்” என்கிறார். அவர் எடுத்தது ஏழுதான். எட்டாவது அறைக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேகசின் இல்லாத 1911, விசையை இழுத்தால் வெடிக்கும். சில பிஸ்டல்களில் மேகசின் இல்லாவிட்டால் சுட முடியாதபடி ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். அசல் 1911 வடிவமைப்பில் அது கிடையாது.

துடைத்து எண்ணெய் போடும்போது, நண்பரிடம் காட்டும்போது, அலமாரியில் வைக்கும்போது நடக்கிற விபத்துகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம் ஒன்றுதான்: “காலின்னு நினைச்சேன்.”

காலி செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. விரல் விசைக்கு வெளியே. குழல் ஆபத்தில்லாத திசையில். முதலில் மேகசினை எடுக்க வேண்டும். பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறைக்குள் இருப்பதை வெளியே தள்ள வேண்டும். ஸ்லைடை அப்படியே நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால், ஒன்று வெளியே விழும். மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிக்கொள்ளும். கீழே விழுந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு ‘வெளியே வந்துவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

சண்டை வராமல் கேட்கலாம், அம்மா. “ஏன் வாங்கினே?” என்று தொடங்காதீர்கள். “எங்கேடா வெச்சிருக்கே, எனக்கும் காட்டு” என்று தொடங்குங்கள். வைத்திருப்பவர்களுக்குக் காட்டப் பிடிக்கும்.

ஒன்று: பூட்டு எங்கே? லைசென்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி விற்றால், அதோடு பாதுகாப்புப் பூட்டோ பெட்டியோ தர வேண்டும் என்பது மத்திய சட்டம். ஆக, பூட்டு வீட்டுக்கு வந்திருக்கும். அது பிரிக்காத கவரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸில் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு விற்பனை வரிகூடக் கிடையாது. விரல்ரேகையில் ஓரிரு விநாடியில் திறக்கும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. “அவசரத்துக்குப் பூட்டைத் திறந்துட்டிருக்க முடியுமா?” என்ற சாக்கு இப்போது செல்லாது.

இரண்டு: தோட்டா எங்கே? துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். சுடும் விளையாட்டுக்காக மட்டும் வைத்திருப்பவருக்கு வேறு காரணம் சொல்ல வழியில்லை.

மூன்று: பேரனுக்கு எட்டுமா? உயரத்தில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. பீரோ மேல் வைத்த முறுக்கு டப்பாவை எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு எல்லாம் எட்டும். நாலு வயதுப் பிள்ளைகள் சிலருக்கு விசையை இழுக்கும் பலம் உண்டு. குழலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். ‘தொடாதே’ என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் தனியாக ஒன்றைக் கண்டால் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் காவலுக்கு நிற்க வேண்டியது பூட்டு. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் டெக்சாஸ் சட்டப்படியும் குற்றம்.

நான்கு: சுட்டால் எங்கே போகும்? “திருடன் வந்தால்…” என்பான். அமெரிக்க வீட்டுச் சுவர் நம் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. .45 தோட்டா அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள்? இன்னொன்றும் சொல்லுங்கள்: பெரிய தோட்டா என்று 10 மி.மீ. வரை போன எஃப்.பி.ஐ.யே கடைசியில் 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. நல்ல தோட்டாவாக இருந்தால் அளவு பெரிய வித்தியாசம் செய்வதில்லை, குறி தவறாமல் சுடுவதுதான் முக்கியம் என்பது அவர்கள் கண்டது.

ஐந்து: வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா? இதுதான் யாரும் கேட்காத கேள்வி. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனைப் பற்றிப் பேசுகிற நாம் இதைப் பேசுவதில்லை. மற்ற வழிகளில் முயன்ற பலர் பிழைத்து, மனம் மாறி, வாழ்கிறார்கள். துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைப் பெரும்பாலும் தருவதில்லை. வேலை போன கணவன், பிரசவத்துக்குப் பின் மனம் தளர்ந்த மனைவி, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பதினைந்து வயதுப் பிள்ளை என்று வீட்டில் யாருக்காவது கஷ்ட காலம் என்றால், அந்தக் காலம் தீரும்வரை துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே இருக்கட்டும். பாதுகாத்துக் கொடுக்கும் கடைகளும் ரேஞ்சுகளும் உண்டு. உதவிக்கு அமெரிக்காவில் எந்த நேரமும் 988 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை

ஊருக்குத் திரும்பும்போது மகனின் முதுகுப்பையை இரவல் வாங்கி வராதீர்கள். ரேஞ்சுக்குப் போன பையின் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும், நம் ஊர் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று நிரூபித்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து பார்த்த பிறகே துணி அடுக்குங்கள்.

கடைசியாக, துப்பாக்கி வாங்காத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பத்தில் நான்கு பேர் துப்பாக்கி இருக்கிற வீட்டில் வாழ்கிறார்கள். உங்கள் வீட்டில் இல்லை என்பதால் உங்கள் பிள்ளைக்குச் சம்பந்தமில்லை என்று ஆகாது. பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் “நாய் இருக்கா, வேர்க்கடலை ஒத்துக்காது” என்றெல்லாம் சொல்கிறோமே, அதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: “துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?” இந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்வி இது. பூட்டி வைத்திருப்பவர் தயங்காமல் பதில் சொல்வார். தயங்கினால், “நம்ம வீட்டுக்கே வந்து விளையாடட்டுமே, தோசை சுட்டுத் தர்றேன்” என்று சொல்லிவிடுங்கள்.